இரண்டரை மணி நேர மாமனார்

"ஏங்க, கூட்டணுமா கழிக்கணுமா? டாக்சி வாசல்ல நிக்குது."

மனைவி கேட்டதும் மருந்துக்கடைக்காரர் தலையைச் சொறிந்தார். மாமனார் ஊருக்கும் இந்த ஊருக்கும் வான்வழியில் மூவாயிரத்து அறுநூறு கிலோமீட்டர். நாலு மணி நேரப் பயணம். அங்கிருந்து வரும் ஒரே விமானம் காலை ஆறு மணிக்குக் கிளம்பும்; ஆறும் நாலும் பத்து என்பது வரை அவருக்கே தெரியும். இரண்டு ஊர்க் கடிகாரங்களுக்கும் நடுவில் கிடந்த இரண்டரை மணி நேரம்தான் அவரைப் பாடாய்ப் படுத்தியது.

போன தடவை, டிக்கெட்டில் போட்டிருந்ததே இந்த ஊர் நேரம் என்று தெரியாமல், அதோடு இரண்டரையைக் கூட்டிக்கொண்டு ஆடி அசைந்து போனார். மாமனார் இரண்டரை மணி நேரமாகப் பெட்டிமேல் உட்கார்ந்திருந்தார். அன்றைக்கு மாப்பிள்ளையோடு பேச்சை நிறுத்தியவர், நேற்றுச் சாயங்காலம்தான் தானாகவே போன் செய்தார். கடை எப்படி ஓடுகிறது, முதுகுவலி தேவலையா என்றெல்லாம் விசாரித்து, "வரேன் மாப்பிள்ளை" என்றும் சொல்லிவிட்டார். அந்தச் சந்தோஷத்தில் என்றைக்கு என்று கேட்க இவருக்குத் தோன்றவில்லை.

காலையில் கூப்பிட்டால் அங்கே போன் அணைந்து கிடந்தது.

"பாத்தியா, ஏறிட்டார்!"

"அம்மாவுக்கும் அதே போன்தாங்க."

"அப்ப அத்தையும் ஏறிட்டாங்க."

"கூட்டுங்க. நமக்குத்தான் முன்னால விடியுது."

"கூட்டித்தானே போன தடவை மாட்டிக்கிட்டேன்?"

கூட்டாமலேயே கிளம்பினார். பத்து மணிக்கு விமான நிலையத்தில் ஈ காக்கை இல்லை. விமானம் பன்னிரண்டரைக்குத்தான் இறங்கியது. கூட்டம் வந்தது, போனது. மாமனார் வரவில்லை.

வீட்டிலிருந்து மனைவி கூப்பிட்டாள். "அவங்களுக்கு ரூம் விடணுமேன்னு நம்ம கட்டிலைக் கழட்டி ஹால்ல போட்டுட்டேன். ரெண்டு நட்டைக் காணோம். அப்பா எங்க?"

"வேற வாசல் வழியா கோவிச்சுக்கிட்டுப் போயிட்டாரோ?"

பதறிப்போய் விசாரணைக் கவுண்டரில் கெஞ்சி, மாப்பிள்ளை வெளியே காத்திருப்பதாக மைக்கில் சொல்ல வைத்தார். மூன்று மாமனார்கள் ஓடி வந்தார்கள். அதில் ஒருவர் இவரை மேலும் கீழும் பார்த்து, "நல்ல வேளை, நீங்க இல்ல" என்று சொல்லிவிட்டுப் போனார்.

அழாத குறையாக டாக்சிக்குத் திரும்பும்போது போன் அடித்தது. மாமியார்.

"என்ன மாப்பிள்ளை, இத்தனை தடவை கூப்பிட்டிருக்கீங்க? சார்ஜர் ஒயரை எலி கடிச்சிடுச்சு. மாமா இப்பதான் புதுசு வாங்கிட்டு வந்தார்."

"மாமா அங்கயா இருக்கார்? நேத்து வரேன்னாரே அத்தை!"

"பேசி முடிச்சா பின்ன என்ன மாப்பிள்ளை, போறேன்னா சொல்லுவாங்க?"

கொஞ்ச நேரம் அங்கே கசமுசா. பிறகு மாமனார் குரல். "எவ்வளவு நேரமா நிக்கிறீங்க?"

"மூணரை மணி நேரமா, மாமா."

"என்னைவிட ஒரு மணி நேரம் கூட!" மாமனார் சிரித்தார். கல்யாணத்துக்குப் பிறகு அந்தச் சிரிப்பை இவர் கேட்டதே இல்லை. "நமக்குள்ள எல்லாம் நேராயிடுச்சு. வெயில்ல நிக்காதீங்க. வரேன் மாப்பிள்ளை."

போன் வைக்கப்பட்டது. மருந்துக்கடைக்காரர் கண்ணைத் துடைத்துக்கொண்டார்.

"என்ன சார் சொல்றாங்க?" என்றார் டாக்சிக்காரர்.

"வரேன்னு சொன்னார்."

டாக்சிக்காரர் இருக்கையைச் சாய்த்து, வசதியாகக் கால் நீட்டினார். "வரட்டும் சார், வெயிட் பண்ணலாம்."