அருளப்பு அண்ணையின் வாடகைக்காக நான் நடத்திய போர்

புதன்கிழமை காலை எனக்கு இருந்தது ஒரே ஒரு வேலை. அருளப்பு அண்ணையோடு வாடகை உதவி தருகிற அரசாங்கக் கந்தோருக்குப் போய் ஒரு விளக்கம் சொல்லிவிட்டு வருவது.

அவ்வளவுதான்.

நான் ஜெர்மனியில் ஹம் நகரத்தில் இருந்துகொண்டு, பக்கத்து ஊரில் பாண் சுடுகிற தொழிற்சாலையில் இரவு வேலை செய்கிறவன். விடிய வீட்டுக்கு வந்தால் நித்திரை வராது. முகட்டைப் பார்த்துக்கொண்டு கிடந்தால் தேவையில்லாத யோசனைகள் எல்லாம் வரிசையாக வந்து கட்டிலில் குந்தும். அதனால் யாராவது "ஒரு கடிதம் வாசிக்கோணும்" என்று கூப்பிட்டால், சப்பாத்தை மாட்டிக்கொண்டு வெளிக்கிட்டுவிடுவேன். அவர்கள் எனக்கு நன்றி சொல்லுவார்கள். உண்மையில் நான்தான் சொல்லவேண்டும்.

என்னுடைய ஜெர்மன் பள்ளிக்கூடத்தில் படித்தது இல்லை. தேத்தண்ணி இடைவேளைகளில் ஃபோனைப் பார்த்துப் பிடித்தது. வாடகைச் சட்டமும் அப்படித்தான். இரண்டு வீடியோ முழுதாகப் பார்த்தேன். மூன்றாவதில் நித்திரையாகிவிட்டேன்.

அருளப்பு அண்ணை மன்னார்க்காரர். எழுபது தாண்டிவிட்டது. மனைவி செத்தபிறகு தனி ஆள். ஒருமுறை பாரிசவாதம் வந்து இடது கை இப்போது சொல்வழி கேட்காது. சின்னப் பென்ஷன். வாடகையில் ஒரு பங்கை 'வோன்கெல்ட்' என்று அரசாங்கம் தருகிறது. அது நின்றால் அந்த வீட்டில் அவர் இருக்க ஏலாது.

இப்போது அது நிற்கப்போகிறது. கந்தோரில் இருந்து வந்த கடிதத்தை அண்ணை நீட்டினார்.

"என்ன எழுதியிருக்கிறாங்கள் தம்பி?"

வாசித்தேன். வீட்டுக்காரர் எழுதிக்கொடுத்த வாடகை ஒரு தொகை. அண்ணையின் வங்கிக் கணக்கில் இருந்து மாதாமாதம் போவது அதைவிட அறுபது யூரோ கூட. ஏன் என்று வந்து விளக்கவும். விளங்கப்படுத்தும் வரை காசு இல்லை.

எனக்கு இரத்தம் கொதித்தது!

"அண்ணை! உங்கட வீட்டுக்காரன் உங்களைக் கொள்ளையடிக்கிறான்!"

"இல்லைத் தம்பி, அது வந்து..."

"ஒண்டும் சொல்லாதேங்கோ. உங்களுக்குப் பாசை தெரியாதெண்டு ஏமாத்தியிருக்கிறான். கந்தோருக்குப் போக முதல் அவனிட்ட ஒரு கேள்வி கேப்பம்."

"அவர் நல்ல மனிசன் தம்பி..."

"எல்லாரும் நல்ல மனிசர்தான் அண்ணை, காசு எடுக்கும் வரைக்கும். நான் கதைக்கிறன். நீங்கள் வாயே திறக்காதேங்கோ. சரியோ?"

அண்ணை வலது கையால் வாயைப் பொத்திக் காட்டினார். பாவம், பயந்துபோனார் என்று நினைத்தேன்.

வீட்டுக்காரர் அதே கட்டடத்தில் கீழ் வீட்டில் இருக்கிற வயதான ஜெர்மன்காரர். வீட்டுக்குள்ளும் இஸ்திரி போட்ட சேர்ட். கதவைத் திறந்ததும் அண்ணையின் கையைப் பிடித்துக் குலுக்கினார். உள்ளே கூட்டிப்போய் இருத்தினார். அவருடைய மனைவி அப்பிள் கேக் வெட்டிக்கொண்டு வந்து வைத்தார்.

கேக் வைத்தால் மடங்குகிற ஆளா நான்?

இரண்டு துண்டு சாப்பிட்டுவிட்டு எழும்பி நின்றேன். படியிறங்கி வரும்போதே மனதுக்குள் பாடமாக்கின பேச்சு. தனியாக இருக்கிற, சுகமில்லாத, பாசை தெரியாத ஒரு மனிதரிடம் இப்படிச் செய்யலாமா என்று தொடங்கினேன். நீதிமன்றம் என்றேன். பத்திரிகை என்றேன். கடைசியில் சட்டப்பிரிவு இலக்கத்தையும் எடுத்து வீசினேன்.

வீட்டுக்காரர் வெளிறிப்போனார்.

"மன்னிக்கவேணும்," என்றார் மெதுவாக. "நீங்கள் சொன்ன பிரிவு வயல் குத்தகைக்கானது. இங்கே வயல் இல்லை."

மூன்றாவது வீடியோவில்தான் மிச்சம் இருந்திருக்கவேண்டும்.

அதற்குள் அவருடைய மனைவி அழத் தொடங்கிவிட்டார். "நான் அப்பவே சொன்னேன், ஒரு நாளைக்கு யாராவது வந்து எங்களைக் கள்ளர் என்று சொல்லப்போகிறார்கள் என்று!"

வீட்டுக்காரர் அவரைத் தடவிக்கொடுத்துவிட்டு என்னிடம் திரும்பினார். "இரண்டு வருசமாக இவரிடம் சொல்லிக்கொண்டிருக்கிறேன், கூட அனுப்புகிறீர்கள் என்று. திருப்பித் தரட்டுமா என்று கேட்டால் கையைக் குலுக்கி, 'நல்லது, நல்லது, இருக்கட்டும்' என்கிறார். திருப்பி அனுப்பினேன். அடுத்த மாதம் இரண்டு பங்காக அனுப்பினார்! மற்ற ஆட்களின் காசு வீட்டில் இருந்தால் எனக்கு நித்திரை வராது. தனிக் கணக்குத் திறந்து அதில் போட்டு வைத்திருக்கிறேன். ஒரு சதம் தொடவில்லை. தயவுசெய்து கொண்டு போங்கள்!"

நித்திரை வராத ஆள் ஊரில் நான் மட்டும் இல்லை என்று அப்போதுதான் தெரிந்தது.

நான் மெதுவாகக் கதிரையில் இருந்தேன். அண்ணையைப் பார்த்தேன். அவர் அமைதியாகக் கேக் சாப்பிட்டுக்கொண்டிருந்தார்.

"அண்ணை?"

அவர் வாயைப் பொத்திக் காட்டினார்.

"இப்ப திறக்கலாம் அண்ணை!"

"அதைத்தானே தம்பி விடியத் தொடக்கம் சொல்ல வாறன். அது சீட்டு."

"என்ன சீட்டு?"

"சீட்டுக்காசு. மாதம் அறுபது. இவர்தான் பிடிக்கிறார்."

"அது இவருக்குத் தெரியுமோ?"

அண்ணை யோசித்தார். "நல்ல ஆள். சொல்லித்தான் தெரியோணுமோ?"

கதை இதுதான். முந்தி டோர்ட்மண்டில் எங்கள் ஆள் ஒருவர் பிடித்த சீட்டில் அண்ணை சேர்ந்திருந்தார். மாதாமாதம் கட்டினார். அண்ணையின் முறை வருகிற மாதம் சீட்டுப் பிடித்தவர் குடும்பத்தோடு கனடாவுக்குப் போய்விட்டார். அதோடு அண்ணை ஒரு முடிவு எடுத்தார்.

"ஓடுற ஆளிட்ட இனிக் காசு குடுக்கிறேல்லை. இந்த மனிசன் எங்க ஓடுறது? வீட்டைத் தூக்கிக்கொண்டு ஓட ஏலுமோ?"

"வங்கியில போட்டிருக்கலாமே அண்ணை!"

"வங்கியில கிடந்தா கந்தோர்க்காரர் கண்டுபிடிச்சு உதவிப்பணத்தை வெட்டிப்போடுவினம்."

வெட்டக்கூடாது என்று ஒளித்து வைத்த காசாலேயே இப்போது வெட்டப்போகிறார்கள்!

"உங்களுக்கு எதுக்கண்ணை இந்த வயசில சேமிப்பு?"

"என்னைப் புதைக்கிறதுக்குத்தான்," என்றார், மரக்கறி வாங்கக் காசு வைத்திருக்கிறேன் என்று சொல்கிற மாதிரி. "நான் செத்தா சனம் வட்ஸ்அப்பில காசு சேர்க்கிறது எனக்குச் சரிவராது."

அதை மட்டும் நான் மொழிபெயர்க்கவில்லை. ஆனாலும் வீட்டுக்கார அம்மா அண்ணையின் தட்டில் இன்னொரு துண்டு கேக் வைத்தார்.

வீட்டுக்காரரிடம் மன்னிப்புக் கேட்டேன். அவர் நடந்ததை ஒரு பக்கத்தில் எழுதிக் கையெழுத்துப் போட்டுத் தந்தார். காசை இன்றைக்கே அண்ணையின் கணக்குக்கு அனுப்புகிறேன் என்றார். வாசலில் என்னைத் தட்டிக்கொடுத்து, "வயல் வாங்கினால் உங்களைக் கூப்பிடுகிறேன்" என்றார். ஜெர்மன்காரர் பகிடி விடமாட்டார்கள் என்று யார் சொன்னது?

பிறகு கந்தோர். மேசைக்கு அந்தப் பக்கம் இருந்த பெண் கடிதத்தை வாசித்துவிட்டு நிமிர்ந்தார்.

"வாடகையோடு எதற்குச் சேமிப்பு?"

சீட்டு என்றால் என்ன என்று விளக்கத் தொடங்கினேன். "பத்துப் பேர் சேருவார்கள். எல்லாரும் மாதாமாதம் காசு போடுவார்கள். ஒவ்வொரு மாதமும் ஒருவர் முழுவதையும் எடுப்பார்."

"யார் எடுப்பது என்று எப்படித் தீர்மானிப்பீர்கள்?"

"சில இடத்தில் பெயர் எழுதிக் குலுக்கி..."

"ஓகோ. சூதாட்டமா?"

"இல்லை இல்லை! சில இடத்தில் ஏலம்!"

அவருடைய விரல் கீபோர்டுக்குப் போனது. "மற்ற ஒன்பது பேரும் யார்? அவர்களும் இந்தக் கட்டடத்தில்தான் இருக்கிறார்களா?" என்று கேட்டார். ஒரு மனிதருடைய வாடகைப் பிரச்சினையைத் தீர்க்க வந்து, பத்துப் பேர் சேர்ந்த இரகசியச் சங்கம் ஒன்றை நான் உருவாக்கிவிட்டேன்!

அண்ணை என்னுடைய முழங்கையைத் தட்டினார். "தம்பி, நீ கொஞ்சம் வாயைத் திறக்காம இரு."

இரண்டு விரலை எடுத்து மேசையில் வைத்து ஓடிக் காட்டினார். "மனிதன் ஓடும்," என்றார் தன்னுடைய அரைகுறை ஜெர்மனில். பிறகு உள்ளங்கையை மேசையில் கவிழ்த்து வைத்தார். "வீடு ஓடாது. காசு வீட்டுக்காரரிடம். நல்லது."

அந்தப் பெண் சிரித்தார். வாய்விட்டே சிரித்தார்.

"ஐயா, நீங்கள் சேமிக்கலாம்," என்றார். "இவ்வளவு சின்னத் தொகைக்கு உதவிப்பணம் குறையாது. ஒளிக்கத் தேவையில்லை. உங்கள் கணக்கிலேயே வையுங்கள், கேட்டால் சொல்லுங்கள். வோன்கெல்ட் நிற்காது."

நான் மொழிபெயர்த்தேன். அண்ணை எழும்பி நின்று அவருடைய கையைக் குலுக்கினார். "நல்லது, நல்லது!"

வெளியில் வந்ததும் கொட்டாவி விட்டேன். வேலை முடிந்து வந்து இன்னும் படுக்கவில்லை. பஸ் தரிப்பிடத்தில் அண்ணை என்னையே உற்றுப் பார்த்துக்கொண்டு நின்றார். கண் கலங்கி நன்றி சொல்லப்போகிறார் என்று நினைத்தேன். அதற்குப் பணிவாக ஒரு பதிலும் தயார் செய்தேன்.

"தம்பி, எனக்கு வங்கியில இன்னும் நம்பிக்கை வரேல்லை. நீ இருக்கிற வீடு சொந்தமோ?"

"இல்லை அண்ணை. வாடகை வீடு."

தலையை ஆட்டினார். "அப்ப உன்னட்டக் காசு குடுக்க ஏலாது. நீ ஓடக்கூடிய ஆள்."

அன்று பின்னேரம் கட்டிலில் விழுந்து, வாழ்க்கையில் முதல்முறையாக அலாரம் கேட்காமல் நித்திரை கொண்டு, வேலைக்கு ரயிலைப் பிடிக்க ஹம் ஸ்டேசனில் நான் ஓடின ஓட்டத்தைப் பார்த்திருந்தால், அண்ணை சொன்னது சரி என்று நீங்களும் சொல்லியிருப்பீர்கள்.