சுடர்விழியின் ஆராய்ச்சிக்குள் புகுந்த மேசை

வலங்கைமான் பக்கம்,
ஞாயிற்றுக்கிழமை.

அன்புள்ள மச்சான் அண்ணாதுரைக்கு, உங்கள் அக்கா வீட்டுக்காரன் நல்லக்கண்ணு எழுதிக்கொண்டது. இங்கே யாவரும் சௌக்கியம், சம்பா நாற்றும் சௌக்கியம். உங்கள் மருமகள் சுடர்விழி மட்டும் என்னோடு பேசுவதில்லை. நீங்கள் உடனே புறப்பட்டு வந்து அவளைப் பேச வைக்க வேண்டும்.

நெல் மூட்டை மேல் புத்தகத்தை விரித்துப் படித்த பெண் இன்று தஞ்சாவூரில் டாக்டர் பட்டத்துக்கு ஆராய்ச்சி செய்கிறாள். நினைத்தாலே நெஞ்சு நிமிர்கிறது மச்சான். மேசையும் விளக்கும் சொல்லிக்கொடுக்க ஆளும் இருக்கிற வீட்டுப் பிள்ளையையும், ஒன்றும் இல்லாத வீட்டுப் பிள்ளையையும் ஒரே பரீட்சையில் உட்கார வைத்து மார்க்கை மட்டும் பார்ப்பது அநியாயம் என்பது அவள் கட்சி. எப்பேர்ப்பட்ட மூளை பாருங்கள்! எங்கள் தெருவில் மேசை உண்டா, விளக்கு உண்டா என்று வீடு வீடாகக் கேட்டு எழுதினாள். போன வாரம் அவளுடைய பேராசிரியை வித்யாலக்ஷ்மி அம்மா அந்த வீடுகளை நேரில் பார்க்க வந்தார்.

பெரிய மனுஷி வரும்போது வீடு வெறிச்சென்று கிடக்கலாமா? பெண் பார்க்க வந்தால் நாற்காலி இரவல் வாங்குவதில்லையா, அதுமாதிரி ஜாபிர் பாயிடம் ஒரு தேக்கு மேசை இரவல் வாங்கிப் போட்டேன். அந்தம்மா பார்த்துவிட்டு, "மேசை இல்லைன்னு எழுதியிருக்கியேம்மா?" என்றார். சுடர்விழி முகம் போன போக்கு! அதோடாவது விட்டதா? அவர்கள் வாசல் வழியாக இறங்கியதும், என் பங்காளிகள் கொல்லை வழியாக மேசையைத் தூக்கிக்கொண்டு ஓடி அடுத்த வீட்டில் போட்டுவிட்டார்கள். தெரு மானம் அல்லவா! மூன்றாவது வீட்டில் அந்தம்மாவே, "எங்களுக்கு முன்னாடியே வந்துட்டீங்களா?" என்று மேசைக்குக் கும்பிடு போட்டார்.

"மூட்டை மேல வச்சுப் படிச்சேன்னு நான் ஊரெல்லாம் பெருமையா சொல்றேன். நீங்க அத மறைக்கிறீங்களேப்பா" என்றாள் சுடர்விழி. அன்றைக்கு மூடிய வாய்தான். ஒரு மேசை வாங்கிக் கொடுக்கத் துப்பில்லாத அப்பன் என்று அந்தம்மா நினைத்துவிடுவாரோ என்று எனக்குக் கூச்சமாக இருந்தது மச்சான், வேறொன்றுமில்லை. உங்க அக்கா என்னடாவென்றால், "ஒங்களுக்கு நல்லா வேணும்" என்று மீன்குழம்பை மகளுக்கு மட்டும் ஊற்றுகிறாள்.

குலசாமி புண்ணியத்தில் உங்கள் பனியன் கம்பெனியில் ஓவர்டைம் குறையட்டும், தங்கச்சி முட்டிவலி தீரட்டும், பிள்ளைகளுக்கு எங்கள் ஆசீர்வாதம்.

இப்படிக்கு,
நல்லக்கண்ணு

பின்குறிப்பு: பேச வைக்க வர வேண்டாம், பேசுகிறாள். பேசாமல் இருந்ததே தேவலை. அப்பா ஏன் மேசை இரவல் வாங்கினார் என்பதையும் ஆராய்ச்சியில் சேர்க்கச் சொல்லிவிட்டாராம் அந்தம்மா. காலையிலிருந்து என்னைப் பிடித்து உட்கார வைத்து ஒரே கேள்வி. "ஏம்ப்பா அஞ்சாவதோட நின்னீங்க?" என்றாள். "எனக்குப் படிப்பு ஏறலம்மா" என்றேன். "அப்படின்னு யாருப்பா சொன்னது?" என்று பேனாவைக் கீழே வைத்துவிட்டாள். யார் சொன்னது மச்சான்? இத்தனை வருஷமாக நானேதான் சொல்லிக்கொண்டிருக்கிறேன்.