புறா இருக்கும் பெட்டிக்குப் பூட்டு

மதிப்பிற்குரிய மாமா அவர்களுக்கு, உங்கள் அக்கா மகன் வணக்கத்துடன் எழுதுவது. மலைமேல் நீங்கள் குளிர்ச்சியாக இருப்பீர்கள் என்று நம்புகிறேன். இங்கே நிலைமை வேறு.

மே 9, காலை 10.42. மண்டபத்துக்குள் வெப்பம் 38 டிகிரி. ஏசியின் வெளிப்பெட்டிக்குள் புறா ஒன்று, முட்டை இரண்டு. இதே மண்டபத்தில் என் கல்யாணத்துக்கு இன்னும் பதினான்கு நாள்.

தியானம் முடியும்வரை போனைத் தொடமாட்டேன் என்று போய்விட்டீர்கள். அதனால்தான் கடிதம். இந்த வழிபாட்டு மண்டபத்துக்கு நீங்கள் தலைவர், அதன் ஏசிக்கு நான் மெக்கானிக். "படைப்பைக் காப்பதும் பிரார்த்தனைதான்" என்று நீங்கள் ஒரு மணி நேரம் பேசியபோது, ஏசியை இருபத்திரண்டில் வைத்துக் கூட்டத்தைக் கலையாமல் காத்தவன் நான். அதே வாரம் புறா முட்டையிட்டால் நான் என்ன செய்வது? கூட்டை ஜன்னலுக்கு மாற்றுகிறேன் என்றேன். தாய் திரும்பி வராது என்றீர்கள். போன வருஷம் நான் ஏசி விசிறிக்குள் கைவிட்டிருந்தபோது நீங்கள் சுவிட்சைப் போடப் போனீர்களே, அன்றைக்குத்தான் எங்கள் தொழில் விதியைக் கத்திச் சொன்னேன்: இயந்திரத்துக்குள் ஆள் இருந்தால் சுவிட்சைப் பூட்டி அட்டை மாட்ட வேண்டும், பூட்டியவரைத் தவிர யாரும் திறக்கக் கூடாது. அதை இப்படியா கற்றுக்கொள்வது? என் பையிலிருந்தே பூட்டை எடுத்து, வெளிப்பெட்டிக்குப் பக்கத்திலிருக்கும் சுவிட்சில் மாட்டி, என் அட்டையிலேயே 'உள்ளே இருப்பவர்: புறா. வேலை: அடைகாத்தல். முடியும் நேரம்: கடவுளுக்குத் தெரியும்' என்று எழுதி, "விதி விதிதானே மாப்ளே?" என்று சிரித்துவிட்டுச் சாவியோடு மலையேறிவிட்டீர்கள்.

இங்கே கூட்டம் நூற்றிருபதிலிருந்து பத்தொன்பதாகிவிட்டது, அதிலும் பாதிப் பேர் புறாவைப் பார்க்க வருகிறவர்கள், பாட்டுக்காரம்மா பாட்டுப் புத்தகத்தாலேயே விசிறிக்கொள்வதால் பக்கம் புரண்டு நடுவில் வேறு பாட்டு வந்துவிடுகிறது, காவல்காரர் என் ஸ்குரூ டிரைவரைக் கண்டாலே "தம்பி, மெதுவா நடங்க, இப்பத்தான் கண்ணசந்திருக்கு" என்கிறார், நேற்று இடம் பார்க்க வந்த என் வருங்கால மாமனார் சட்டையைப் பிழிந்துகொண்டே கேட்டார், "மாப்பிள்ளை ஏசி மெக்கானிக்னுதானே சொன்னாங்க?" மானம் போகுது மாமா!

சாவியை உடனே தபாலில் அனுப்புங்கள். வியாழக்கிழமைக்குள் வராவிட்டால் கட்டரால் பூட்டை வெட்டுவேன். விதியாவது, புறாவாவது!

தியானம் சிறக்கட்டும். அத்தை நலம், கோபம் மட்டும் கொஞ்சம் அதிகம். அம்மா உங்களைக் கம்பளி போர்த்திக்கொள்ளச் சொன்னாள்.

இப்படிக்கு,
வேர்த்துக்கொண்டிருக்கும் மாப்பிள்ளை

பி.கு.: மணி 4.10. கட்டரின் வாய் பூட்டுக்குப் பொருந்துமா என்று பார்க்கத்தான் போனேன். ஒரு முட்டையில் விரிசல். உள்ளிருந்து தட்டுகிறது. குஞ்சு பறக்க முப்பது நாளாகுமாம். ஆகவே இனி நான் செய்யப்போவது:

1. அட்டையில் 'புறா' என்பதை அடித்துவிட்டு 'மூவர்' என்று திருத்துவேன்.
2. காவல்காரரிடம் மெதுவாக நடக்கச் சொல்வேன். அவர் செருப்புச் சத்தம் தாங்கவில்லை.
3. மாமனாருக்கு நல்ல கைவிசிறி ஒன்று வாங்குவேன்.
4. உங்கள் பூட்டுக்குப் பக்கத்தில் என் பூட்டையும் மாட்டுவேன். மனம் மாறி நீங்களே சாவியோடு வந்தாலும் தனியாகத் திறக்க முடியாது. விதி விதிதானே மாமா?