துடைத்து வைத்த முப்பத்திரண்டு

இன்று எப்படியும் சொல்லிவிடுவது என்று கண்ணாடிக்காரர் முடிவு செய்தார்.

இதே முடிவை அவர் அந்த வாரத்தில் ஏழு தடவை செய்திருந்தார். ஒவ்வொரு தடவையும் வாயைத் திறந்தார். ஒவ்வொரு தடவையும் வெளியே வந்தது, "காப்பி நல்லாருக்கு" என்ற இரண்டே வார்த்தைகள்தான். இன்று ஞாயிற்றுக்கிழமை. நாலு மணிக்கு டாக்டரம்மா வருகிறார். அதற்குள் சொல்லாவிட்டால் அப்புறம் சொல்லிப் புண்ணியமில்லை.

மூக்குக் கண்ணாடிக் கடை வைத்திருப்பதால் அவருக்குக் கண்ணாடிக்காரர் என்று பெயர். ஊருக்கெல்லாம் கண்ணாடி மாட்டிவிடுகிறவர், வீட்டில் தான் மட்டும் மாட்டிக்கொள்ள மாட்டார். ஐம்பத்திரண்டு வயதிலும் தன் பார்வை பழுதில்லை என்று மனைவியிடம் ஒருமுறை சவால் விட்டிருந்தார். அதனால் வீட்டுக்குள் அவருக்கு எதுவும் சரியாகத் தெரியாது. மனைவியின் முகம் சுளித்திருக்கிறதா, சிரிக்கிறதா என்பதைக்கூடக் குரலை வைத்துத்தான் கண்டுபிடிப்பார். பயத்துக்கு இதைவிட நல்ல ஏற்பாடு கிடையாது.

அவர் மனைவி ரத்தப் பரிசோதனைக்கூடத்தில் வேலை பார்ப்பவள். பதினைந்து வருஷத்தில் ஒருவர் ரத்தத்தை இன்னொருவர் பேரில் எழுதியதில்லை. வீட்டில் உப்பு ஜாடிக்கும் தேதி ஒட்டியிருப்பாள். அந்தப் பதினைந்து வருஷத்தைப் பாராட்டி, பரிசோதனைக்கூடத்தின் சொந்தக்காரரான டாக்டரம்மாவே ஒரு காப்பி மெஷினைப் பரிசாகக் கொடுத்தார். கூடவே ஒரு பெட்டி. பெட்டியில் நாற்பது குப்பிகள். தங்க நிறத்தில், கட்டைவிரல் அளவு. உள்ளே காப்பித்தூள், மேலே ஒட்டிய தாள். ஒன்றை மெஷினில் போட்டுப் பொத்தானை அழுத்தினால் நுரையோடு ஒரு கோப்பை இறங்கும்.

டாக்டரம்மா ஊரின் மறுகோடியில் இரண்டாவது பரிசோதனைக்கூடம் திறக்கிறார். அதற்குப் பொறுப்பாளர் யார்? கண்ணாடிக்காரரின் மனைவியா, அவளோடு வேலை பார்க்கும் இன்னொருத்தியா? அதைச் சொல்லத்தான் வீட்டுக்கு வருகிறார் என்று பேச்சு. மனைவிக்கு அந்த வேலைமேல் உயிர். கேட்க மாட்டாள், காட்டிக்கொள்ள மாட்டாள். ஆனால் அந்தப் பேச்சு வந்த நாளிலிருந்து தூக்கத்தில் புரண்டுகொண்டே இருந்தாள்.

எட்டு நாள் பயிற்சிக்கு வெளியூர் கிளம்பும்போது அவள் சொன்னது ஒன்றே ஒன்றுதான்.

"என்னங்க, அந்தப் பெட்டியை மட்டும் தொடாதீங்க. டாக்டரம்மா வர்ற அன்னைக்கு அவங்க குடுத்த காப்பியையே அவங்களுக்குக் குடுக்கணும். அதுதான் மரியாதை."

"நான் ஏம்மா தொடறேன்? எனக்கென்ன பைத்தியமா?"

பைத்தியம் மறுநாள் காலையே பிடித்தது. பொத்தானை அழுத்தியதும் மெஷின் உறுமி, நுரை பொங்கி இறங்குவதைப் பார்த்ததும் அவருக்கு ராஜா ஆகிவிட்ட நினைப்பு. ராஜா என்றால் சபை வேண்டாமா? பக்கத்து வீட்டு டிரைவிங் மாஸ்டரைக் கூப்பிட்டார். கார் ஓட்டக் கற்றுக்கொடுக்கும் அந்த மனிதர் காலை இரண்டு, மாலை ஒன்று என்று கணக்காக வந்து உட்கார்ந்தார். எட்டாம் நாள் காலையில் பெட்டிக்குள் கையை விட்டபோது மிச்சம் எட்டு.

கண்ணாடிக்காரர் இன்னொரு தடவை எண்ணினார். எட்டுதான்.

"மாஸ்டர்! முப்பத்திரண்டு காலி!"

"அடடே. அவ்வளவா குடிச்சோம்?"

"குடிச்சோமாவா? நீங்க குடிச்சீங்க! இன்னைக்குச் சாயங்காலம் அவ வந்துருவா மாஸ்டர். என் கதி என்ன?"

"பதறாதீங்க சார். பதறினா வண்டி நின்னுடும். காலிக் குப்பி தனியா விக்கறான். நாமே தூள் அடைச்சு, மேலே தாளை ஒட்டிக்கற மாதிரி. அச்சு அசலா இதே நிறம். அடைச்சு வெச்சிட்டா பெத்த தாய்க்கே அடையாளம் தெரியாது."

"அவளுக்குத் தெரியுமே!"

"தெரியாது சார். மெதுவா கிளட்ச்சை விடற மாதிரி விட்டீங்கன்னா வண்டி தானா போகும்."

மாஸ்டர் காலிக் குப்பிகளை வாங்கி வந்தார். முதல் குப்பியில் கண்ணாடிக்காரர் தூளை அழுத்தி அழுத்தி அடைத்தார். தண்ணீர் போக வழியில்லாமல் மெஷின் ஐந்து நிமிஷம் முனகியது. இரண்டாவதில் தளர அடைத்தார். பாத்திரம் கழுவிய தண்ணீர் மாதிரி ஏதோ வந்தது. மூன்றாவதில் மேல்தாள் பிய்த்துக்கொண்டு வெடித்து, சுவரெல்லாம் காப்பி. அதைத் துடைத்து முடிப்பதற்குள் பாதி உயிர் போயிற்று. நான்காவதுதான் காப்பியாக வந்தது. அளவு பிடிபட்டுவிட்டது. ஆனாலும் பத்தில் ஒன்று வெடிக்கக்கூடும் என்ற சந்தேகம் மட்டும் அவர் நெஞ்சில் நிரந்தரமாகக் குடியேறியது.

கடைக்குப் போய், பூதக்கண்ணாடி விளக்கின் கீழ் உட்கார்ந்து மீதியை அடைத்தார். அசல் குப்பியின் விளிம்பில் கடுகைவிடச் சின்னதாய் ஒரு நம்பர் இருந்தது. லென்சில் அடையாளப் புள்ளி வைக்கும் பேனாவை எடுத்து, முப்பத்திரண்டு குப்பியிலும் அதே நம்பரை அதே சாய்வில் எழுதினார். கை நடுங்கவில்லை. தொழில் அப்படி. மாஸ்டர் பார்த்து அசந்துபோனார்.

"சார், நீங்க கள்ளநோட்டு அடிக்கப் போயிருக்கலாம்."

"சும்மா இருங்க மாஸ்டர். எனக்கு ஏற்கெனவே ஜெயில்ல உக்காந்திருக்கற மாதிரிதான் இருக்கு."

அசல் எட்டையும் பெட்டியின் இடது வரிசையில் வைத்தார். டாக்டரம்மா வரும்போது இடது வரிசையிலிருந்து எடுத்தால் போதும். மனைவி திரும்பி வந்தாள். வந்ததும் வராததுமாக குப்பிகளை ஒரு கண்ணாடி ஜாடியில் கொட்டி, மூடி, இரண்டு குலுக்குக் குலுக்கி அலமாரியில் வைத்தாள்.

"பெட்டி இடத்தை அடைக்குதுங்க."

கண்ணாடிக்காரருக்குச் சப்தநாடியும் ஒடுங்கிவிட்டது. இடது வரிசை எங்கே, வலது வரிசை எங்கே? எல்லாம் ஒரே தங்க நிறம். எல்லாவற்றிலும் ஒரே நம்பர். தன் கைவேலையைத் தன்னாலேயே கண்டுபிடிக்க முடியவில்லை என்ற பெருமை அரை நிமிஷம் இருந்தது. பயம் எட்டு நாள் இருந்தது.

மறுநாள் முதல், "பெட்டியைப் பிரிச்சதுதான் பிரிச்சாச்சு, நாமளும் தினம் ஒண்ணு குடிப்போம்" என்று மனைவியே காலையில் இரண்டு கோப்பை காப்பி போட ஆரம்பித்தாள். மெஷின் உறும ஆரம்பித்ததும் கண்ணாடிக்காரர் நைசாக ஃபிரிட்ஜுக்குப் பின்னால் போய் நின்றுகொள்வார்.

"அங்கே என்னங்க பண்றீங்க?"

"குளிர்ச்சியா இருக்கும்மா."

அவள் காப்பியை ஒரு வாய் குடிப்பாள். கண்ணை மூடுவாள். அந்த ஒரு நொடியில் அவர் ஒன்பது தெய்வங்களைக் கூப்பிட்டுவிடுவார்.

"என்னங்க, ஏதாவது சொல்லணுமா?"

"காப்பி நல்லாருக்கு."

"அவ்வளவுதானா?"

"ரொம்ப நல்லாருக்கு."

புதன்கிழமை மட்டும் கொஞ்சம் தைரியம் வந்தது. அன்று அவர் கோப்பையில் இருந்தது சந்தேகமில்லாமல் அசல் என்று பட்டது. "கம்பெனிக்காரன் கம்பெனிக்காரன்தான்மா! என்ன வாசனை! இதெல்லாம் வீட்ல அடைச்சா வருமா?" என்று உளறிவைத்தார். சொல்லிய பிறகுதான், வீட்டில் அடைப்பது பற்றி இதுவரை யாருமே பேசவில்லை என்பது உறைத்தது. அன்று பகல் முழுவதும் கடையில் இடக்கண் லென்சை வலக்கண்ணில் மாட்டிக்கொண்டிருந்தார்.

இப்படியாக ஞாயிற்றுக்கிழமை வந்து சேர்ந்தது. மூன்றரை மணிக்கு அவர் அடுக்களை வாசலில் போய் நின்றார்.

"இந்தாம்மா... ஒரு விஷயம்..."

"சொல்லுங்க." அவள் கோப்பைகளைத் துடைத்துக்கொண்டிருந்தாள்.

"அது வந்து... அந்தக் காப்பி இருக்கில்ல..."

"இருக்கு."

"அது..." ஃபிரிட்ஜைப் பார்த்தார். "நல்லாருக்கு."

"அப்படியா? அப்போ இன்னைக்கு நீங்களே போடுங்க. டாக்டரம்மாவுக்கு உங்க கையால ஒரு காப்பி."

வாசல் மணி அடித்தது.

டாக்டரம்மா வெள்ளை உடையில் வந்தார். எத்தனையோ நிறம் இருக்கும்போது வெள்ளையா உடுத்திக்கொண்டு வர வேண்டும்? மெஷின் சாப்பாட்டு மேஜையின் ஓரத்தில் இருந்தது. டாக்டரம்மா சரியாக அதன் பக்கத்து நாற்காலியில் உட்கார்ந்தார். "இதோட சத்தம் எனக்குப் பிடிக்கும்" என்றார்.

பக்கத்து வீட்டு பால்கனியிலிருந்து டிரைவிங் மாஸ்டர் எட்டிப் பார்த்து, மெதுவாக, மெதுவாக என்று கையால் ஜாடை காட்டினார். கண்ணாடிக்காரர் ஜாடிக்குள் கையை விட்டார். ஒன்றைத் தொட்டார், விட்டார். இன்னொன்றைத் தொட்டார். எது அசல், எது வெடிக்கும், எது முனகும்? அவளுடைய பதினைந்து வருஷம் இந்த ஜாடிக்குள் எங்கோ கிடக்கிறது. அதை நினைத்தபோது தன்னைப் பற்றிய பயம் போய், அவளுக்காகப் பயம் வந்தது. அது இன்னும் மோசமாக இருந்தது.

குப்பியைப் போட்டார். டாக்டரம்மாவுக்கும் மெஷினுக்கும் நடுவில் தன் முதுகைக் கேடயமாகக் கொடுத்துக்கொண்டு, பொத்தானை அழுத்தினார். மெஷின் உறுமியது. முனகியது. ஒரு நொடி நின்றது. அவர் மூச்சும் நின்றது. பிறகு நுரை பொங்கி, கோப்பையில் காப்பி இறங்கியது.

டாக்டரம்மா ஒரு வாய் குடித்தார். கோப்பையைக் கீழே வைத்தார்.

"இது நான் குடுத்த காப்பி இல்லையே."

அவ்வளவுதான். ஏழு தடவை வராத வார்த்தைகள் மடை திறந்த மாதிரி கொட்டின.

"டாக்டர், என் வீட்டுக்காரிக்கு ஒண்ணும் தெரியாது! தொடாதேன்னுதான் சொல்லிட்டுப் போனா. நான்தான் தொட்டேன். முப்பத்திரண்டையும் காலி பண்ணினேன். நானே தூள் அடைச்சேன், நானே நம்பர் போட்டேன். அவ சுத்தத் தங்கம் டாக்டர். அவளுக்கு அந்த வேலையைக் குடுங்க. எனக்கு என்ன தண்டனை குடுத்தாலும் ஏத்துக்கறேன். நான் மட்டும் இல்லை, பாதி மாஸ்டர் குடிச்சது! மாஸ்டர், சொல்லுங்களேன்!"

"எனக்குக் காப்பியே பழக்கமில்லையே சார்" என்று பால்கனியிலிருந்து பதில் வந்தது. கதவு சாத்தும் சத்தமும் வந்தது.

டாக்டரம்மா சிரித்தார். "அவங்களுக்குத் தெரியாதா? போன திங்கட்கிழமையே லேப்ல எல்லாருக்கும் சொல்லிச் சிரிச்சாங்களே! வேலை வெள்ளிக்கிழமையே அவங்களுக்குன்னு முடிவாயிடுச்சு. இன்னைக்கு நான் வந்தது உங்க காப்பியைக் குடிக்கத்தான். நல்லாத்தான் இருக்கு."

கண்ணாடிக்காரர் மனைவி பக்கம் திரும்பினார். முகம் மங்கலாகத் தெரிந்தது. குரலுக்காகக் காத்திருந்தார்.

"வந்த அன்னைக்கே தெரியுங்க" என்றாள் அவள். "எட்டுலதான் நம்பர் இருந்துது. மீதி முப்பத்திரண்டும் பளபளன்னு இருந்துது."

"இல்லையே! எல்லாத்துலயும் நம்பர் எழுதினேனே! பேனாவால... லென்சுல எழுதற மாதிரி..."

"எழுதினீங்க. அப்புறம்?"

"அப்புறம், எப்பவும் போல, ஸ்பிரிட் போட்டுத் துடைச்சு..."

அவர் நிறுத்தினார். லென்சில் புள்ளி வைப்பார், சட்டத்தில் மாட்டுவார், ஸ்பிரிட்டால் துடைத்துவிட்டுத்தான் ஆளிடம் கொடுப்பார். முப்பது வருஷத்துப் பழக்கம். புள்ளியோடு ஒரு கண்ணாடியும் அந்தக் கடையை விட்டு வெளியே போனதில்லை.

"ஜாடியில கொட்டும்போதே அசல் எட்டையும் தனியா எடுத்துட்டேன். எட்டு நாளும் நான் குடிச்சது அதுதான்."

"அப்போ நான்? புதன்கிழமை?"

"நீங்க தினமும் உங்க சரக்கைத்தான் குடிச்சீங்க. புதன்கிழமையும்."

"தெரிஞ்சும் எட்டு நாளா என்னை இப்படித் துடிக்க விட்டியே!"

"தினமும் கேட்டேனே, ஏதாவது சொல்லணுமான்னு?" என்றாள் அவள். "சரி, சொன்ன வார்த்தை மாறக்கூடாது. என்ன தண்டனைன்னாலும் ஏத்துக்கறேன்னு டாக்டரம்மா முன்னாடி சொல்லியிருக்கீங்க."

உள்ளே போய் ஒரு பெட்டியை எடுத்துவந்து மேஜைமேல் வைத்தாள். கனமாக 'டங்'கென்றது. திறந்தாள். எவர்சில்வரில், திருகு மூடி போட்ட, மறுபடி மறுபடி நிரப்பிக்கொள்ளும் குப்பிகள். அறுபது.

"புது லேப்லயும் இதே மெஷின் வருது" என்றார் டாக்டரம்மா. "குடிச்சுட்டுத் தூக்கிப்போடற குப்பி வேண்டாம்னு இவங்கதான் சொன்னாங்க. நிரப்பித் தர ஒரு நல்ல ஆள் இருக்கார்னும் சொன்னாங்க."

கண்ணாடிக்காரர் மனைவியைப் பார்த்தார். "வாரா வாரமா?" என்று கேட்ட குரல் அவருக்கே கேட்கவில்லை.

"ஞாயித்துக்கிழமை தோறும். எண்ணித் தருவேன், எண்ணி வாங்கிக்குவேன்." அவள் ஒரு குப்பியை எடுத்து அவர் மூக்குக்கு நேரே நீட்டினாள். இந்தத் தூரத்தில் அவருக்கே தெரிந்தது. விளிம்பில் ஒரு நம்பர் இருந்தது.

"எவ்வளவு வேணும்னாலும் துடைச்சுக்கோங்க. இந்தத் தடவை நம்பரைச் செதுக்கச் சொல்லிட்டேன்."