கொதிகலன் முறைப்படி ஒரு குண்டான்

ஓய்வு பெற்றவனை வீட்டில் தனியாக விட்டுவிட்டுப் போகக் கூடாது. அப்படியே போனாலும், அடுப்பு வேலையை அவனிடம் ஒப்படைத்துவிட்டுப் போகக் கூடாது. இந்த இரண்டையும் என் மனைவி மல்லிகா ஒரே நாளில் செய்தாள். (குற்றம் அவளுடையது என்றுதான் நான் இன்றும் வாதாடுகிறேன்.)

மல்லிகாவுக்கும் சுண்ணாம்புக்குளத்தில் இருக்கும் அவள் தங்கை செல்விக்கும் பேச்சுவார்த்தை நின்று வெகுநாளாகியிருந்தது. தன் பேரனின் காதுகுத்துக்கு நேரில் வந்து அழைக்காமல் போனில் அழைத்துவிட்டாளாம் செல்வி. அப்படிப்பட்டவள் திடீரென்று ஓர் அலுமினியக் குண்டான் நிறைய நண்டுக் குழம்பு அனுப்பிவைத்தாள். மறுநாள் சாயந்திரம் குண்டானை வாங்கிக்கொள்ள அவளே வருவதாகச் சேதி. வந்த பாத்திரத்தை வெறுமனே திருப்பித் தரக் கூடாது என்பது எங்கள் பக்கத்து வழக்கம். மறுநாள் காலையில் லட்டு வாங்க மல்லிகா பொன்னேரிக்குப் புறப்பட்டாள்.

"குழம்ப சிம்முல வெச்சி சூடு பண்ணி சாப்புடுங்க. குண்டான கழுவி வெச்சிடுங்க. ஒரு கீறல் வுழக்கூடாது."

சிம்மில்தான் வைத்தேன். பிறகு செய்தித்தாள் படித்தேன். தலையங்கம் நீளமானது. நண்டு தீய்ந்த வாசனை தெருமுனை வரை போன பிறகுதான் என் மூக்குக்கு வந்தது. மேலே இருந்த நண்டுகளைக் காப்பாற்றிவிட்டேன். அடியில் தார் ரோடு போட்டதுபோல் ஒரு கரும்படலம்.

வேறொருவன் கம்பி நாரை எடுத்துத் தேய்த்திருப்பான். நான் மின்நிலையத்தில் கொதிகலன் பிரிவில் தலை நரைத்தவன். படிவு நீக்குவதற்கென்று ஒரு முறை இருக்கிறது. குழாய் அடைப்புக்கு வாங்கிய காஸ்டிக் சோடா வீட்டில் இருந்தது. ரப்பர் கையுறை, கண்ணாடி, மழைக்கால பூட்ஸ் எல்லாவற்றையும் அணிந்து கொல்லைக்கு வந்தேன். வேலிக்கு அந்தப் பக்கம் வலை பின்னிக்கொண்டிருந்த ஏழுமலை நிமிர்ந்து பார்த்தார்.

"இன்னா சார், காட்டுப்பள்ளி ஹார்பர்ல வேல கெடச்சிடுச்சா?"

"பாத்திரம் கழுவுறேன்."

"அதுக்கா இவ்ளோ கெட்டப்பு? நான் இங்கயே நிக்கலாமா, ஓடணுமா, அத மட்டும் சொல்லிடு சார்."

சூடான நீரில் சோடாவைத் தாராளமாகக் கரைத்து ஊற்றினேன். குண்டான் உடனே சீறியது. நுரை பொங்கியது. கொதிகலனில் எந்த அழுக்கும் எனக்கு இவ்வளவு மரியாதை காட்டியதில்லை. மனநிறைவோடு போய்ச் சற்றுக் கண்ணயர்ந்தேன்.

கொதிகலன் இரும்பு, குண்டான் அலுமினியம். இந்தச் சிறிய வேறுபாட்டைக் காஸ்டிக் சோடா மட்டும் கவனித்திருந்தது.

எழுந்து போய் அலசிப் பார்த்தேன். கரி துளியும் இல்லை. வெயிலில் தூக்கிப் பிடித்தேன். அடியில் பட்டப்பகலில் நட்சத்திரங்கள்.

லட்டுக்கு ஓட்டை ஒரு பொருட்டில்லை என்று கணக்குப் போட்டேன். மல்லிகா வந்ததும் நானே லட்டுகளை அடுக்கி மூடிவிட்டால் மீதியைச் சுண்ணாம்புக்குளம் பார்த்துக்கொள்ளும். ஆனால் அக்காவும் தங்கையும் ஒரே ஆட்டோவில் வந்து இறங்கினார்கள். வழியிலேயே சமாதானம் பாதி முடிந்திருந்தது. நான் குண்டானை நெருங்குவதற்குள் மல்லிகா அதைக் கையில் எடுத்துவிட்டாள்.

"ஒருவாட்டி அலசிட்டு போடறேன் செல்வி" என்று செம்புத் தண்ணீரை ஊற்றினாள். செல்வியின் புதுப் புடவை மேல் பூமழை.

செல்விதான் முதலில் வாய் திறந்தாள். முகம் சுண்டியிருந்தது.

"நல்லா குடுக்கறியே யக்கா! போன்ல கூப்ட்டதுக்கு பழி தீக்கறியா? ஓட்ட போட்டு குடுக்கற அளவுக்கா கோவம்?"

"ஏன்டி, ஓட்டப் பாத்திரத்துலதான் குழம்பு அனுப்பினியான்னு நான் கேக்கணும்!"

செல்வி பையைத் தோளில் மாட்டிக்கொண்டு வாசலைப் பார்த்தாள். இப்போது போனால் இனி வரமாட்டாள். வேறு வழியில்லாமல் இருவருக்கும் நடுவே போய் நின்றேன்.

"நான்தான். கொதிகலன் முறைப்படி காஸ்டிக் சோடா ஊத்தி..."

இருவரும் ஒரே நேரத்தில் என் பக்கம் திரும்பினார்கள். என் வாழ்க்கையில் அவ்வளவு ஒற்றுமையை நான் கண்டதில்லை.

"இன்னா மாமா, குண்டான கரைச்சி குடிச்சிட்டியா?" என்றாள் செல்வி. மல்லிகா சிரிப்பை அடக்க முயன்று தோற்றாள். அப்புறம் இருவரும் தரையில் உட்கார்ந்து லட்டைத் தின்றபடி, பொழுது சாயும்வரை என்னைத் திட்டினார்கள்.

அந்தக் குண்டானைச் செல்வி விடாமல் எடுத்துப்போனாள். அதில் இறாலைக் கழுவி, தண்ணீர் வடிந்ததும் அப்படியே எங்களுக்கு அனுப்பினாள். வெறுமனே திருப்பித் தர முடியாதே! மல்லிகா முருங்கைக்காய் வைத்து அனுப்பினாள். இன்றுவரை அது இரண்டு வீட்டுக்கும் போய்வருகிறது. நானும் எப்போதாவது போகிறேன். நான் தெருவில் திரும்பியதுமே செல்வியின் குரல் கேட்கும்:

"மாமா வர்றாரு, பாத்திரத்த எல்லாம் உள்ள எடுத்து வைங்க!"