மூன்று கோட்டுக் கத்தி

மனிதகுலம் சக்கரத்தைக் கண்டுபிடித்த பிறகு செய்த அடுத்த பெருங்காரியம், திண்டுக்கல்லில் கண்ணுசாமி தம் வீட்டுப் பரணில் கிடந்த சவரக்கத்தியைப் 'புனரமைத்தது'தான். நடுவில் நடந்ததெல்லாம் சில்லறை வேலை.

நூறு வருசத்து மடக்குக் கத்தி அது. சீமை எஃகு, மாட்டுக்கொம்புப் பிடி. ரிட்டையர்டு சர்வேயரான கண்ணுசாமி ஆறு மாதம் அதைக் கைக்குழந்தை மாதிரி பார்த்துக்கொண்டார். துருவை எடுத்தார், துருவின் தழும்பை எடுக்கவில்லை. பிடியில் யாரோ ஆணியால் கீறியிருந்த மூன்று கோடுகளை மருமகள் கௌசல்யா உப்புத்தாளால் தேய்க்கப் போனபோது வீடே அதிர்ந்தது.

"அய்யய்யோ, கை வைக்காத தாயி! அசல் குணம் போயிரும்!"

இம்புட்டுப் பாடும் எதற்கு? 'தொன்மைப் பொருள் பேணுவோர் பேரவை' வழங்கும் 'மரபுச் செம்மல்' பட்டத்துக்கு. விதிகள் கடுமையானவை. கத்தி மேடையிலேயே வேலை செய்து காட்ட வேண்டும். அது பரம்பரைச் சொத்து என்பதில் ஐயம் இருக்கக் கூடாது. மனுஷன் பட்டத்துக்காக ஒரு வாரத் தாடி வளர்த்திருந்தார். 'மரபுச் செம்மல்' என்று விசிட்டிங் கார்டுகூட அடித்தாகிவிட்டது.

சவரம் செய்ய, பஸ் ஸ்டாண்டு பக்கம் ஏசி சலூன் வைத்திருக்கும் முகேஷ்குமாரை அழைத்திருந்தார்கள். கண்ணுசாமி வம்சத்துக்கு அவர் வம்சம்தான் சிரைத்தது என்பது கூடுதல் தகுதி.

மேடையில் நாற்காலி. கண்ணுசாமியின் காலரில் குட்டி மைக். முகமெல்லாம் நுரை.

"ஏலே முகேசு, பதனம்டா. எங்க பாட்டையா கத்தி."

தோல்வாரில் கத்தியைத் தீட்டிய முகேஷ் பிடியைத் தடவிப் பார்த்தார். விரல் அந்த மூன்று கோட்டில் நின்றது. அப்புறம் கத்தி குரல்வளைக்கு வந்தது. தொழில் வழக்கப்படி பேச்சும் கூடவே வந்தது.

"மூணு கோடு! இது எங்க பூட்டன் போட்ட அடையாளம்யா. இன்னைக்கும் எங்க வீட்டுக் கத்தி அம்புட்டுலயும் இருக்கும். டவுனுல கடை போடப் போறேன்னு பூட்டன் சொன்னாராம். 'அப்ப எங்களுக்கு எவன்டா சிரைப்பான்'னு உங்க பாட்டையா கத்தியப் பிடுங்கி வச்சுக்கிட்டாராம். நெசந்தானய்யா?"

மைக் அத்தனையையும் கூட்டத்துக்குக் கொண்டுபோய்ச் சேர்த்தது. இல்லை என்று தலையாட்டினால் கழுத்து மிஞ்சாது. வாயைத் திறந்தால் நுரை உள்ளே போகும். கண்ணுசாமி கண்ணை மட்டும் உருட்டினார்.

"மறுப்பு ஏதும் இல்லை" என்று பேரவைச் செயலாளர் இருதயநாதன் பக்திசிரத்தையோடு குறிப்பேட்டில் பதிந்தார்.

சவரம் பிரமாதம். கன்னம் பளபளவென்றிருந்தது. கூட்டம் கைதட்டியது. முகேஷ் கத்தியைத் துடைத்தார், மடக்கினார், தம் சட்டைப்பையில் போட்டுக்கொண்டார்.

"ஒரு கீறல்கூட அழியாமப் பாத்துக்கிட்டீக. ரொம்ப சந்தோசம். வாரேன்யா."

கண்ணுசாமி துண்டோடு துள்ளி எழுந்தார்.

"திருட்டு! திருட்டு!"

"அதத்தான சார் அவரும் சொன்னாரு" என்றபடி இருதயநாதன் அதையும் பதிந்துகொண்டார்.