மூன்று தடவை சொன்ன சாட்சியம்

மேற்பிரிவு, பத்தாம் நம்பர் லயம்,
பெரகல வழி.
17.10.2008

பெருமதிப்பிற்குரிய சம்பந்தி இராசையா அவர்களுக்கு, சின்னராசா கங்காணி வணக்கத்துடன் எழுதிக்கொள்வது.

இங்கு யாவரும் சுகம் என்று முதலில் எழுதுவதுதான் மரியாதை என்பதால் எழுதிவிட்டேன். உண்மையில் ஒரு மாதமாக இந்த வீட்டில் ஒருவரும் சுகமாக இல்லை. உங்கள் மகன், என் மருமகன் ரமேஸ், உயிரோடு இருக்கிறார். அதை முன்கூட்டியே சொல்லிவிடுகிறேன். மற்றதை வரிசையாகப் படியுங்கள், நடுவில் கடைசிப் பக்கத்தைத் திருப்பிப் பார்க்க வேண்டாம், சம்பந்தியம்மாவையும் பார்க்க விடவேண்டாம். போனில் சொல்லியிருக்கலாமே என்று கேட்பீர்கள். வவுனியாவுக்குப் போன் எடுத்து பொலிஸ், கோர்ட் என்று பேச இந்தக் காலத்தில் யாருக்குத் துணிச்சல் வரும்? அதோடு போனில் நீங்கள் பாதியிலேயே என்னைத் திட்டத் தொடங்கிவிடுவீர்கள். கடிதம் என்றால் நான் முடிக்கும்வரை நீங்கள் வாய் திறக்க முடியாது.

செப்டம்பர் பத்தாம் திகதி, கொழும்பில் மாப்பிள்ளை வேலை செய்யும் சாப்பாட்டுக் கடையைச் சோதனை போட்டிருக்கிறார்கள். அவருடைய அடையாள அட்டையில் வவுனியா விலாசம். கலவரத்துக்குப் பயந்து நீங்கள் குடும்பத்தோடு இந்த மலையை விட்டு அங்கே போனீர்கள், பிள்ளை அங்கே வளர்ந்து அட்டை எடுத்தார், பிறகு என் மகள் ஜெயந்தினியைக் கட்டிக்கொண்டு இந்த மலைக்கே திரும்பி வந்தார் என்ற கதையெல்லாம் அட்டையில் எழுதியிருக்கவில்லையே. பிடித்துக்கொண்டு போய்விட்டார்கள். இந்த வருசம் தைப்பொங்கல் அன்று, ஜனவரி பதினைந்தாம் திகதி, அவர் வவுனியாவில் ஆகாத ஆட்களோடு நின்றதை யாரோ பார்த்ததாக எழுதிவைத்திருந்தார்கள். அது இல்லை என்று ஒக்டோபர் பதினான்காம் திகதிக்குள் காட்டாவிட்டால் தெற்கே உள்ள தடுப்பு முகாமுக்கு அனுப்பிவிடுவார்கள். அப்படி அனுப்பப்பட்டவரைத் தேடி மூன்று வருசமாக அலைகிற குடும்பம் எங்கள் லயத்து வரிசை வீடுகளிலேயே ஒன்று இருக்கிறது. ஜெயந்தினி அந்த வீட்டுப் பக்கம் பார்ப்பதையே நிறுத்திவிட்டாள். சோறும் இறங்கவில்லை.

நான் உடனே கொழும்புக்குக் கிளம்பினேன். மாப்பிள்ளைக்காக வாதாடும் சட்டத்தரணி சத்தியபாமா, யாழ்ப்பாணத்துப் பெண்மணி, போனிலேயே என்னை நிறுத்திவிட்டார். போன மாதம் சாட்சி சொல்ல வந்த ஒரு பெரியவரையே வழியில் இறக்கி இரண்டு கிழமை உள்ளே வைத்திருந்தார்களாம். "நீங்கள் அங்கையே இருங்கோ ஐயா, நாங்கள் உங்களைக் கம்பியூட்டரிலை கூப்பிடுறம்" என்றார். நீதவான் ஒருவர், சோதனையாகச் செய்து பார்ப்போம் என்று ஒத்துக்கொண்டாராம். நான் பண்டாரவளையில் ஒரு கம்பியூட்டர் கடையில் உட்கார்ந்துகொண்டு, கொழும்பு கோர்ட்டில் சாட்சி சொல்ல வேண்டுமாம். நாற்பது வருசம் தேயிலை மலையில் ஆள் மேய்த்தவன் நான், ஒரு பெட்டியை நம்பி மருமகனை விடுவதா என்று என் வீட்டுக்காரி பெரியாயியிடம் சத்தம் போட்டேன். வேறு வழி இருந்தால் சொல்லுங்கள் என்றாள். இருக்கவில்லை.

பண்டாரவளையில் கடை வைத்திருப்பவர் வாஹித். நல்ல மனிசன். முதல்நாளே வரச்சொல்லிப் பழக்கினார். திரைக்கு மேலே சட்டைப் பொத்தான் அளவில் ஒரு கண்ணாடி இருக்கிறது, பேசும்போது அதைத்தான் பார்க்க வேண்டும், திரையில் தெரியும் நீதவானைப் பார்க்கக் கூடாது என்றார். இது எந்த ஊர் நியாயம் சம்பந்தி? பெரிய மனிதர் எதிரே இருக்கும்போது அவர் முகத்தைப் பார்க்காமல் ஒரு பொத்தானைப் பார்த்துப் பேசினால், இவன் பொய் சொல்கிறான் என்றுதானே நினைப்பார். பொத்தானைப் பார்த்தால்தான் அங்கே முகத்தை நேராகப் பார்ப்பது போலத் தெரியும் என்று வாஹித் அடித்துச் சொன்னார்.

பதினான்காம் திகதி காலை நல்ல மழை. கோர்ட்டிலிருந்து அனுப்பிய உத்தியோகத்தர் ஒருவர் என் அட்டையைப் பார்த்துச் சத்தியம் வாங்குவதற்காகப் பக்கத்தில் இருந்தார். ஒன்பதே முக்காலுக்குத் திரையில் கோர்ட் வந்தது. நீதவான் வந்தார், கோர்ட்டே எழுந்தது, நானும் எழுந்தேன். அவர்கள் உட்கார்ந்தார்கள். நான் உட்காரவில்லை. காலையில் ஆள் கணக்கெடுக்கிற பெரட்டுக்களத்தில் தோட்டத்துத் துரை வந்து நிற்கும்போது உட்கார்ந்திருந்தவன் என்று இந்த மாகாணத்தில் ஒருத்தன் என்னைக் காட்ட முடியாது. கொஞ்ச நேரத்தில் மொழிபெயர்ப்பாளர் தமிழில், சாட்சிக்காரர் எங்கே என்று கேட்டார். இங்கதாங்க நிக்கிறேன் என்றேன். கோர்ட்டுக்கு என் இடுப்புப் பட்டி மட்டும்தான் தெரிகிறதாம். உத்தியோகத்தர் என் தோளைப் பிடித்து அமுக்கினார். நான் அசையவில்லை. அதற்குள் அங்கே பொலிஸ் தரப்பு அதிகாரி எழுந்து, முகம் தெரியாத சாட்சியை ஏற்கக் கூடாது, அது யாருடைய இடுப்பாகவும் இருக்கலாம் என்று சொல்லிவிட்டார். நீதவான் பேனாவை எடுத்து ஏதோ எழுதத் தொடங்கினார். என் மரியாதையே மாப்பிள்ளையை முகாமுக்கு அனுப்பப்போகிறதே என்று நினைத்தேன். ஆனாலும் நாற்காலியில் உட்கார உடம்பு வளையவில்லை. என்ன செய்தேன் தெரியுமா, நாற்காலியைப் பின்னால் தள்ளிவிட்டு மேசைக்கு முன்னால் முழங்காலில் நின்றேன். முகம் சரியாகத் திரைக்குள் வந்துவிட்டது. நான் உட்கார்ந்துவிட்டேன் என்று நீதவான் நினைத்துக்கொண்டார். நான் உட்காரவில்லை என்பது எனக்கும் வாஹித்துக்கும் அந்த உத்தியோகத்தருக்கும் என் முழங்காலுக்கும்தான் தெரியும்.

இனி வருவதைப் படிக்குமுன் நீங்கள் உட்கார்ந்துகொள்ளுங்கள் சம்பந்தி. பொங்கல் அன்று உங்கள் மகன் ஒரு கூட்டாளியைப் பார்க்கப் போனதால்தான் உங்களிடம் போனில் பேசவில்லை என்று நான் சொன்னது பொய். அன்று காலை அவர், ஜெயந்தினியைக் கொழும்புக்குக் கூட்டிப்போய் அறை எடுத்து இருக்கப்போவதாகச் சொன்னார். நான் முடியாது என்றேன். வார்த்தை தடித்தது. உங்கள் கங்காணித்தனத்தைப் பெரட்டோடு வைத்துக்கொள்ளுங்கள் என்றார். நான் குடையை எடுத்து அடித்துவிட்டேன். அவர் திருப்பி அடிக்கவில்லை, குடையைப் பிடுங்கி முறித்துப் போட்டார், அவ்வளவுதான். நான் ஆத்திரத்தில் நேராகக் கீழே பொலிஸுக்குப் போய், மருமகன் குடித்துவிட்டு என்னை அடித்தார் என்று முறைப்பாடு எழுதிக்கொடுத்தேன். அவர்கள் வந்து அவரைக் கூட்டிப்போய், மறுநாள் விடியும்வரை உள்ளே வைத்திருந்தார்கள். உங்கள் பிள்ளைக்கு நான் செய்தது அதுதான்.

கோர்ட்டில் சத்தியபாமா அம்மா, பொங்கல் அன்று ரமேஸ் எங்கே இருந்தார் என்று கேட்டார். வீட்டில்தான், ஒன்றாகப் பொங்கல் வைத்தோம் என்றேன். நீதவான் கேட்டது மொழிபெயர்ப்பாளர் வாயால் வந்தது. எல்லாத் தமிழ் வீட்டிலும் பொங்கல் வைப்பார்கள், எல்லா மாமனாரும் இப்படித்தான் சொல்வார்கள், வேறு ஏதாவது அத்தாட்சி உண்டா? சத்தியபாமா அம்மா கையிலிருந்த தாள்களைப் புரட்டினார். அந்த முறைப்பாட்டைப் பற்றி அவருக்கு ஒன்றும் தெரியாது. மாப்பிள்ளை அவரிடம் வாய் திறக்கவே இல்லை. திரையின் ஓரத்தில், கூண்டுக்குள் மாப்பிள்ளை சின்னதாகத் தெரிந்தார். தலையைக் குனிந்துகொண்டிருந்தார். ஏன் சொல்லவில்லை என்று பிறகு அந்த அம்மா கேட்டதற்கு, மாமா பெயர் கெட்டுவிடும் என்றாராம். அதைக் கேட்டபோது எனக்குச் செத்துப்போகலாம் போல இருந்தது.

நான் பொத்தானைப் பார்த்துச் சொன்னேன்:

"அன்னைக்கு ராத்திரி அவரு பொலிஸ்ல இருந்தாருங்க. நான்தான் புடிச்சுக் குடுத்தேன். அவரு என்னை அடிக்கலீங்க, நான்தான் அடிச்சேன். பொய் முறைப்பாடு குடுத்தேன்."

கோர்ட்டில் ஒருத்தர் அசையவில்லை. நீதவான் அப்படியே இருந்தார், மாப்பிள்ளை அப்படியே குனிந்திருந்தார். கேட்கவில்லையாக்கும் என்று இன்னொரு தடவை உரத்துச் சொன்னேன். அப்போதும் ஒன்றும் இல்லை. மூன்றாம் தடவை, மலையில் அடுத்த வரிசைக்குக் கூப்பிடுகிற குரலில் கத்தினேன். மழைக்கு ஒதுங்கி நின்றவர்களெல்லாம் வாஹித்தின் கடைக் கண்ணாடியில் முகத்தை வைத்துப் பார்த்தார்கள். அப்போதுதான் வாஹித் காதோரம் வந்து, "சத்தம் அங்க போய்ச் சேர கொஞ்சம் சுணங்கும் கங்காணியார், எல்லாம் போய்க்கிட்டுத்தான் இருக்கு" என்றார். முதல் தடவை சொன்னது அப்போதுதான் கோர்ட்டில் இறங்கியது. மாப்பிள்ளை தலையை நிமிர்த்தினார். பிறகு இரண்டாவது இறங்கியது. மூன்றாவதற்கு நீதவான் காதைப் பொத்தினார். தட்டெழுத்துக்காரப் பெண் மூன்றையும் எழுதியிருக்கிறாளாம்.

கீழே பொலிஸிலிருந்து, முறைப்பாட்டுப் புத்தகத்தின் அந்தப் பக்கத்தைப் பெக்ஸில் அனுப்பும்படி நீதவான் சொன்னார். முக்கால் மணி நேரம் திரையில் வெறும் நாற்காலிதான் தெரிந்தது. நான் முழங்காலை விட்டு எழும்பவில்லை. எழும்பினால் தாள் வராது என்று என்னவோ ஒரு பயம். வாஹித் தேத்தண்ணீர் வைத்தார், ஆறிப்போனது. பெக்ஸ் இரண்டு தடவை பாதியில் நின்று மூன்றாம் தடவை போய்ச் சேர்ந்தது. திகதி, நேரம், என் கையெழுத்து, மறுநாள் காலை விட்டதற்கு மாப்பிள்ளையின் கையெழுத்து, எல்லாம் இருந்தன. பொய்யாக எழுதிக்கொடுத்த அந்த ஒரு பக்கத்தைத் தவிர, அவர் இங்கே இருந்தார் என்பதற்கு உலகத்தில் வேறு ஒரு துண்டுத் தாள் இல்லை. நீதவான் விடுதலை என்றார். அது இங்கே வந்து சேர எவ்வளவு நேரம் பிடித்ததோ தெரியாது, நான் அதற்குள் அழ ஆரம்பித்துவிட்டேன். என்னைத் தூக்கிவிட இரண்டு பேர் தேவைப்பட்டார்கள்.

நாளை சனிக்கிழமை மாப்பிள்ளை ரயிலில் வருகிறார். தொல்லை அத்தனையும் தீர்ந்தது. இனிமேல் இந்தக் குடும்பத்தில் ஒருவரும் கோர்ட் படி ஏறவேண்டிய தேவையே வராது. நான் செய்ததற்கு உங்கள் இருவர் காலிலும் விழுகிறேன், கடிதத்தில் விழுந்தால் போதுமா, நேரில் விழவேண்டுமா என்பதை நீங்களே எழுதுங்கள். சம்பந்தியம்மாவுக்கு வணக்கம். கதிர்காமத்தான் உங்கள் வீட்டு வாசலையும் பார்த்துக்கொள்ளட்டும்.

இப்படிக்கு,
உங்கள் சம்பந்தி,
சின்னராசா

பி.கு. (திங்கட்கிழமை): ரயிலடிக்குப் போன அவசரத்தில் கடிதத்தைப் போடவில்லை. மாப்பிள்ளை வந்துவிட்டார். மெலிந்துபோயிருக்கிறார், நன்றாகச் சாப்பிடுகிறார். இன்று காலை பொலிஸிலிருந்து அழைப்பாணை வந்தது. மாப்பிள்ளைக்கு அல்ல, எனக்கு. பொய் முறைப்பாடு கொடுத்ததை நானே கோர்ட்டில் ஒத்துக்கொண்டதால் என்மேல் வழக்காம். வெள்ளிக்கிழமை கோர்ட்டுக்கு வரவேண்டுமாம், கம்பியூட்டரில் அல்ல, ஆளாகவே. மாப்பிள்ளை தாளை இரண்டு தடவை படித்துவிட்டு, அன்றைக்குத் தான்தான் அடித்ததாக வந்து சொல்லிவிடுவதாகவும், அப்படியென்றால் என் முறைப்பாடு உண்மையாகிவிடும் என்றும் சொன்னார். அடிக்காத கையை அடித்ததாகச் சொன்னால் மறுபடி அவரைப் பிடித்துக்கொண்டு போவார்கள், அதற்கு நான் உயிரோடு இருக்கும்வரை விடமாட்டேன் என்று சொல்லிவிட்டேன். பொங்கலிலிருந்து அவர் என்னை முகத்துக்கு முன்னால் மாமா என்று கூப்பிட்டதே இல்லை சம்பந்தி.

"அப்ப பயப்படாதீங்க மாமா, ஒரு மாசம் உள்ள இருந்துட்டு வந்தவன் நான். எப்படி இருக்கணும்னு எல்லாம் சொல்லித் தர்றேன்" என்றார்.